கூட்டினால் ஒன்பது

போன மாதம் பட்டறையில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். முதலாளியின் மகன் மைக்கைப் பிடித்து, நாற்பது வருசமாக நாமக்கல் லாரிகளுக்கு நம்பர் எழுதின கை இது, ஒரு நம்பர்கூடத் தப்பினதில்லை என்று சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வாரமே லாரிக்காரர்கள் சங்கத்து ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு ஆள் வந்தது. இப்போது நம்பர் தகடெல்லாம் மிசினில் அச்சாகி வந்துவிடுகிறது, கையால் எழுதின காலத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்றார்கள். எனக்கு எழுதவெல்லாம் வராது என்று சொல்ல வாயெடுத்தவன், சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் ஒத்துக்கொண்டேன் என்பது போகப் போகத் தெரியும்.

என் பேர் ஆரோக்கியம். சேலத்துக்காரன். பத்தாவதில் கணக்கில் தொண்ணூற்றாறு வாங்கினவன், இங்கிலீஷில் கோட்டை விட்டவன். இனி இவன் படித்துக் கிழித்தது போதும் என்று அப்பா என்னை நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறையில் கொண்டுவந்து விட்டார். முதல் மூன்று வருசம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், பிரஷ் கழுவினேன், திட்டு வாங்கினேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. நாலாம் வருசம் பொன்னுசாமி மேஸ்திரி என்னை நம்பர் எழுதுகிற வேலைக்கு இழுத்துக்கொண்டார். அங்கிருந்துதான் என் கதை.

மேஸ்திரி குள்ளமான மனிதர். பேச்சு குறைவு. வேலைக்காரன், முதலாளி, யாராக இருந்தாலும் அவருக்கு 'சாமி'தான். எழுத்தில் தப்பு விழுந்தால் திட்டமாட்டார். பெயின்ட்டை அழிக்கிற டர்பன்டைன் துணியை எடுத்து நம் தோளில் போட்டுவிட்டு அந்தப் பக்கம் போய்விடுவார். நாலு திட்டு திட்டினால் தேவலை என்று இருக்கும். அந்தத் துணியின் வாடையோடு சாயங்காலம் வரை இருக்க வேண்டும்.

எங்கள் ஊர் லாரிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நம்பரை நம்பராகப் பார்க்கமாட்டார்கள், கூட்டித்தான் பார்ப்பார்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு நம்பரில் இருக்கிற எழுத்துகளை, அதாவது இலக்கங்களையெல்லாம் கூட்ட வேண்டும். விடை ரெண்டு இலக்கமாக வந்தால் அதையும் பிரித்துக் கூட்ட வேண்டும். ஒற்றை இலக்கம் வருகிறவரைக்கும் விடக்கூடாது. 7468 என்றால் இருபத்தஞ்சு, ரெண்டும் அஞ்சும் ஏழு. அவ்வளவுதான் வித்தை. ஒருத்தருக்கு அஞ்சு ராசி, ஒருத்தருக்கு ஆறு, ஒன்பது என்றால் நிறையப் பேருக்கு உயிர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் எங்கள் பங்குச் சாமியார், நீயுமா ஆரோக்கியம் நம்பருக்கு ராசி பார்க்கிறாய் என்று கிண்டல் செய்வார். ராசி பார்க்கிறவர்கள் அவர்கள், சாமி; எழுதுகிறவன்தான் நான் என்பேன்.

மேஸ்திரிக்கு ராசி, ஜோசியம் ஒன்றும் கிடையாது. ஆனால் அவரும் கூட்டுவார். அவருக்கு அது சரிபார்க்கிற வழி. வண்டியின் ஆர்.சி. புத்தகத்தை வண்டி முதலாளி விரித்துப் பிடிக்க, அதைப் பார்த்து ஒரு தகரத் துண்டில் நம்பரை பெயின்ட்டால் எழுதிக்கொள்வோம். பிறகு புத்தகத்தில் இருப்பதைக் கூட்ட வேண்டும், தகரத்தில் இருப்பதைக் கூட்ட வேண்டும், ரெண்டும் ஒன்றாக வந்தால் விடையைத் தகரத்தின் அடியில் குறிக்க வேண்டும். சீக்கிரம் கூட்ட அவரிடம் ஒரு குறுக்குவழி இருந்தது. ஒன்பதைக் கண்டால் தூக்கிப் போடு, சேர்ந்து ஒன்பதாகிற ஜோடியையும் தூக்கிப் போடு என்பார். 4596 என்றால் ஒன்பது போச்சு, நாலும் அஞ்சும் போச்சு, மீதி ஆறு. முறையாகக் கூட்டினாலும் ஆறுதான் வரும். முதன்முதலில் அதைப் பார்த்தபோது ஒரு வாரம் பஸ் டிக்கெட்டு, சுவர் விளம்பரம், தீப்பெட்டி என்று கண்ணில் பட்ட நம்பரையெல்லாம் கூட்டிக்கொண்டு அலைந்தேன். எத்தனை பெரிய எண்ணும் கடைசியில் ஒற்றை எழுத்தாக வந்து நிற்பதில் எனக்கு அப்படி ஒரு சந்தோசம். இப்போது நினைத்தாலும் அந்த நாட்கள்மேல் ஆசையாக இருக்கிறது.

கூட்டி முடித்த பிறகு இன்னொரு சடங்கு உண்டு. தகரத்தில் எழுதினதைக் கடைசி எழுத்திலிருந்து முன்னுக்கு ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசிக்க வேண்டும். முதலாளி புத்தகத்தில் அதே மாதிரி பார்த்துக்கொண்டு வர வேண்டும். இதற்கு மேஸ்திரி வைத்த பேர் வாலிலிருந்து வாசிப்பது. அதுவும் ஆன பிறகுதான் புத்தகத்தை மூடலாம். அப்புறம் தகரத்தைப் பார்த்து வண்டியில் நாலு இடத்தில் எழுதுவோம். முன்னால், பின்னால், ரெண்டு கதவிலும். மஞ்சளில் கறுப்பு. வண்டி முதல் நடை போய்த் திரும்புகிறவரை அந்தத் தகரம் பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்கும்.

நான் தொழிலுக்கு வந்து பதினோரு வருசம் ஆகியிருந்தபோது மேஸ்திரிக்குக் கண்ணில் புரை ஆபரேசன் நடந்தது. பத்து நாள் எழுத்து வேலை என் பொறுப்பு. எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போது வந்ததுதான் வையாபுரியின் புது வண்டி.

வையாபுரிக்கு ஏற்கெனவே ரெண்டு பழைய வண்டிகள் இருந்தன. ஒன்பதுப் பைத்தியம். வீட்டுப் போன் நம்பரைக்கூட ஒன்பது வருகிற மாதிரி கேட்டு வாங்கினவர். அவருடைய டிரைவர் செங்கோடன், மோகனூர்க்காரர். பன்னிரண்டு வருசமாக அந்தப் பழைய வண்டிகளைத் தள்ளிக்கொண்டிருந்தவருக்கு முதன்முதலாகப் புது வண்டி. அன்றைக்குக் காலையில் தன் துண்டாலேயே டயர் வரைக்கும் துடைத்தார். என்னிடம் வந்து, எழுத்து கொஞ்சம் பெரிசா இருக்கட்டுமுங்க என்று கேட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் பிறக்கிறது. அதற்குள் நம்பரை எழுதி வண்டியை நகர்த்திவிட வேண்டும் என்று வையாபுரி என் கழுத்தில் உட்கார்ந்திருந்தார். புத்தகத்தில் இருந்தது 2853. நான் தகரத்தில் எழுதினது 2835. எப்படி மாறியது என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. கை எழுதியது, கண் பார்க்கவில்லை. புத்தகத்தைக் கூட்டினேன், பதினெட்டு, ஒன்பது. தகரத்தைக் கூட்டினேன், பதினெட்டு, ஒன்பது. வையாபுரியும் விரல் விட்டுக் கூட்டி, ஒன்பது வந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வாலிலிருந்து வாசிக்க வேண்டிய இடத்தில் நான் புத்தகத்தை மூடச் சொன்னேன். அவசரம் மட்டுமில்லை, அதில் என் திமிரும் இருந்தது. கூட்டினது பொருந்தினபிறகு வாலாவது தலையாவது, அது வயசானதால் மேஸ்திரிக்கு வந்த பழக்கம், கணக்கில் தொண்ணூற்றாறு வாங்கினவனுக்கு எதுக்கு என்று நினைத்தேன். நாலு இடத்திலும் அழகாக எழுதினேன். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பத்தே காலுக்கு வண்டி வெளியே போனது.

அஞ்சாம் நாள் வையாபுரி பட்டறைக்குள் காற்றாக நுழைந்தார். ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு வடக்கே போன வண்டியை எல்லையில் ஒரு செக்போஸ்ட்டில் பிடித்துவிட்டார்களாம். புத்தகத்தில் ஒரு நம்பர், வண்டியில் ஒரு நம்பர், போலி நம்பர் போட்டு ஓட்டுகிறான் என்று டிரைவரை உட்கார வைத்துவிட்டார்களாம். கூடப் போன மாற்று டிரைவர் பயந்து ரயிலேறி ஊருக்கு ஓடி வந்துவிட்டார். வையாபுரிக்கு இதில் சந்தேகமே இல்லை. ஒரே பர்மிட்டை வைத்து ரெண்டு வண்டி ஓட்டுகிற திருட்டுத்தனம் அப்போது அங்கங்கே நடந்துகொண்டிருந்தது. செங்கோடன் யாருடனோ கூட்டுச் சேர்ந்துகொண்டு நம்பரை மாற்றிவிட்டார் என்பது அவர் முடிவு. என்னிடம் வந்ததே, அவன் உன்னிடம் வந்து மாற்றி எழுதச் சொன்னானா என்று கேட்கத்தான். நான் என்ன நம்பர் இருக்கிறதாம் என்றேன். 2835 என்றார். அதோடு விட்டாரா? "கள்ளத்தனத்துலயும் ஒம்பதாப் பாத்து எழுதியிருக்கான் பாரு, ஒம்பதுன்னா நான் கண்டுக்கமாட்டேன்னு அவனுக்குத் தெரியும்" என்றார்.

அவர் போனதும் உள்ளே போய் ஆணியைப் பார்த்தேன். 2835. என் கையெழுத்து. அடியில் பதினெட்டு, அதனடியில் ஒன்பது. பக்கத்திலேயே டர்பன்டைன் டப்பா. பொய் சொல்லமாட்டேன், துணியை நனைத்துவிட்டேன். ஒரு துடைப்பில் வேலை முடிந்துவிடும். அங்கே ஒரு மனுசன் பாஷை தெரியாத ஊரில் போலீசுக்காரர்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், இங்கே நான் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பிறகு என்ன நினைத்தேனோ, தகரத்தைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு மேஸ்திரி வீட்டுக்கு சைக்கிளை மிதித்தேன்.

மேஸ்திரி கண்ணில் பச்சைத் துணி கட்டி, கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். கேட்டு முடித்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"வாலிலிருந்து வாசிச்சியா சாமி?"

"இல்லீங்க. கூட்டினது சரியா இருந்துச்சுங்க."

"கூட்டறது, எழுத்தெல்லாம் வந்து சேந்துச்சான்னு பாக்கத்தான் சாமி. எது எங்க நிக்குதுன்னு அதுக்குத் தெரியாது. அதுக்குத்தான் வால்."

பிறகு தடவித் தடவித் தலைமாட்டில் கிடந்த துண்டை எடுத்தார். என் தோள் எங்கே என்று கையால் தேடி அதைப் போட்டார். போய் வையாபுரிகிட்டச் சொல்லு என்றார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவருக்குத் தெரிந்திருக்காது.

சொன்னால் வையாபுரி நம்ப வேண்டுமே. தகரத்தைக் காட்டினேன். செங்கோடனைக் காப்பாற்ற நானே இன்றைக்கு எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன் என்றார். வண்டி கிளம்பும்போது தானே கூட்டிப் பார்த்ததாகவும், ஒன்பது சரியாக வந்ததாகவும், ஆகவே நம்பர் சரியாகத்தான் இருந்தது என்றும் சாதித்தார். எனக்கும் கோபம் வந்துவிட்டது. வாங்க என்று கையைப் பிடித்து இழுக்காத குறையாக ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். லோடுக்காக வரிசையாக நிறுத்தியிருந்த வண்டிகளைக் காட்டி, ஒவ்வொரு நம்பராகக் கூட்டிச் சொல்லுங்கள் என்றேன். அவருக்கு அது அல்வா சாப்பிடுகிற மாதிரி. ஒம்பது, ஆறு, ஒம்பது, அஞ்சு என்று சொல்லிக்கொண்டே வந்தார். பத்து வண்டி தாண்டினதும் நிறுத்தினேன்.

"மொதல்ல பாத்த வண்டி நம்பர் என்னங்க?"

"ஒம்பது."

"கூட்டினதக் கேக்கலீங்க. நம்பரக் கேட்டேன்."

திரும்பி அந்த வண்டியைப் பார்க்கப் போனவர் பாதியில் நின்றுவிட்டார். அன்றைக்குப் பட்டறையிலும் நீங்க இப்படித்தானுங்க பாத்தீங்க, நானும் இப்படித்தான் பாத்தேன் என்றேன். அப்புறம், ரயிலுக்கு எத்தனை மணிக்குப் போகோணும் என்று கேட்டார்.

போக்குவரத்து ஆபீசில் வண்டி நம்பர் 2853தான் என்று ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு, தகரம், பெயின்ட், பிரஷ் எல்லாவற்றோடும் ரெண்டு பேரும் சேலத்தில் ரயில் ஏறினோம். வழியில் அவர் கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றில் பாதியை என் பக்கம் தள்ளினார். நான் பேப்பர் ஓரத்தில் கணக்குப் போட்டுக்கொண்டே போனேன். 53-க்கும் 35-க்கும் வித்தியாசம் பதினெட்டு. 72-க்கும் 27-க்கும் நாற்பத்தஞ்சு. 91-க்கும் 19-க்கும் எழுபத்திரண்டு. எந்த ரெண்டு எழுத்தை இடம் மாற்றினாலும் வித்தியாசம் ஒன்பதாம் வாய்ப்பாட்டில்தான் போய் விழுகிறது. கூட்டும்போதோ ஒன்பதைத் தூக்கிப் போட்டுவிடுகிறோம். அப்புறம் இந்தத் தப்பு எப்படி மாட்டும்? ஆயுசுக்கும் மாட்டாது. எத்தனையோ நம்பர்களைக் கூட்டி மகிழ்ந்தவன், இதை ஒருநாளும் யோசித்ததில்லையே என்று என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

செக்போஸ்ட்டின் பின்பக்கம் வண்டி நிழலில் செங்கோடன் உட்கார்ந்திருந்தார். ஆறு நாள் தாடி. எங்களைக் கண்டதும் எழுந்து வேட்டியை இறக்கிவிட்டார். முதலாளியிடம் முதல் பேச்சே, மூட்டை ஒண்ணும் நனையலீங்க என்பதுதான். தகரத்தையும் கடிதத்தையும் பார்த்து, என் வாக்குமூலத்தை எழுதி வாங்கி, அதிகாரிகள் விட்டுவிட்டார்கள். அவர்களில் ரெண்டு பேர் சிரித்தார்கள். நான் நாலு இடத்திலும் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதினேன். செங்கோடன் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். நான் கேட்டுக்கொண்டபடி ஒவ்வொரு இடத்திலும் வாலிலிருந்து வாசித்தார். மூணு, அஞ்சு, எட்டு, ரெண்டு. குரலில் கோபமே இல்லை.

மூட்டையை இறக்கிவிட்டு மூன்று பேரும் அதே வண்டியில் திரும்பினோம். நாமக்கல் ஷெட்டில் வண்டியை நிறுத்திக் கழுவி முடித்துவிட்டு, செங்கோடன் சாவியை வையாபுரியின் கையில் வைத்தார். போனது போகட்டும் உடு சாமி, வண்டி இனி உன்னுதுதான்னு வெச்சுக்க என்று வையாபுரி சொன்னார்.

"பன்னண்டு வருசம் உங்க வண்டிய ஓட்டினேனுங்க. அந்த நம்பர நம்புன அளவுக்கு என்னைய நம்பலீங்களே" என்றார் செங்கோடன். அவ்வளவுதான் சொன்னார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

நான் பஸ் ஸ்டாண்டு வரை கூடவே போனேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. என்மேல் ஒன்றுமில்லை என்றார். தப்புச் செய்தீர்கள், வந்து சொன்னீர்கள், முடிந்தது என்றார். பஸ் வந்த பிறகு ஒன்று கேட்டார்.

"லாரி ஸ்டேண்டுல என்னையப் பத்தி என்னென்னமோ பேசறாங்களாமுங்க. நீங்க ஒருக்கா அங்க போயி, நாந்தான் எழுதினேன்னு எல்லார்த்துக்கும் முன்னால சொல்லிருங்க. எனக்கு அது போதுமுங்க."

நாளைக்கே சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் போனேன். டீக்கடையில் பத்துப் பேர் இருந்தார்கள். ஓடி வந்த அந்த மாற்று டிரைவர், செங்கோடன் நம்பரை மாற்றின கதையைக் கண்ணால் பார்த்த மாதிரி அளந்துகொண்டிருந்தார். ஒருவர் என்னைப் பார்த்து, நீதானேப்பா எழுதினது, என்னதான் ஆச்சு என்று கேட்டார். அந்த வாரம் நாலு புது வண்டி என் எழுத்துக்காகக் காத்திருந்தது. கண் சரியாகாவிட்டால் மேஸ்திரி இடம் எனக்குத்தான் என்று பேச்சும் இருந்தது. நம்பரையே மாற்றி எழுதினவன் என்று தெரிந்தால் எவன் என்னிடம் வண்டியைக் கொண்டுவருவான்? "அது எழுத்துல ஏதோ கோளாறுங்க" என்றேன். டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். யார் செய்த கோளாறு என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வையாபுரியும் தன் ஒன்பதுக்கு வந்த அவமானத்தை வெளியில் சொல்லவில்லை. நான் சொன்ன அந்த ஒரு வார்த்தை ஊரில் நாலு வாய் மாறி, கோளாறு செய்ததும் செங்கோடன்தான் என்று ஆகிவிட்டது.

அதற்கப்புறம் நாமக்கல்லில் ஒருத்தரும் அவருக்கு வண்டி கொடுக்கவில்லை. பள்ளிபாளையம் பக்கம் ஒரு ஆலையில் கேட் காவலுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். ரெண்டு மூன்று வருசம் கழித்து ஈரோட்டுக்கு பஸ்ஸில் போகும்போது ஒரு கேட்டருகில் அவரைப் பார்த்தேன். நோட்டுப் புத்தகமும் கையுமாக, உள்ளே போகிற லாரியின் நம்பரை எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்து, தகட்டில் விரலை வைத்துக் கடைசி எழுத்திலிருந்து முன்னுக்கு நகர்த்தினார். பஸ் அங்கே நன்றாகவே நின்றது. இறங்கியிருக்கலாம். நான் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் ஆயிரக்கணக்கில் நம்பர் எழுதினேன். ஒன்றையும் வாலிலிருந்து வாசிக்காமல் விட்டதில்லை. அதனால்தான் மைக்கில் அப்படிச் சொல்ல முடிந்தது. செங்கோடன் மோகனூரில் மகள் வீட்டில் இருக்கிறார், காது மட்டும் கொஞ்சம் மந்தம் என்று போன வாரம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மலர் அச்சாகி வந்ததும் ஸ்டேண்டு டீக்கடைக்கு ஒரு பிரதி போகும் என்று எனக்குத் தெரியும். அங்கே யாராவது இந்தக் கட்டுரையின் கடைசிப் பத்தியை மட்டும் நாலு பேர் கேட்கிற மாதிரி சத்தமாகப் படிக்க வேண்டும். மற்றதைப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை.

வையாபுரி வண்டிக்கு 2853 என்று எழுத வேண்டியதை 2835 என்று எழுதினவன் ஆரோக்கியம் ஆகிய நான். முன்னால், பின்னால், ரெண்டு கதவிலும், நாலு இடத்திலும் நான்தான் எழுதினேன். டிரைவர் செங்கோடன் அந்த நம்பரில் கை வைக்கவில்லை.